நாற்பத்தோராவது டேக்

காலை பதினொன்றேகாலுக்குள் அக்காவுக்கு மூன்று கணவன்மார் செத்துப்போயிருந்தார்கள். முதலாமவருக்குக் கார் விபத்து. இரண்டாமவருக்குச் சொந்தத் தம்பி பாலில் கலந்து கொடுத்த ஏதோ ஒன்று. மூன்றாமவர் உண்மையில் சாகவேயில்லை. அறுபது எபிசோடு தள்ளித் தாடியும் புது மனைவியுமாகத் திரும்பி வரப்போகிறார். ஆனால் அது திரையில் அழும் பெண்ணுக்குத் தெரியாதே, பாவம் என்று அவருக்கும் ஒரு குறையும் வைக்காமல் அழுது முடித்திருந்தாள். நாலாவதாக ஒரு மாமனார் திரையில் மூச்சை இழுத்துக்கொண்டு காத்திருந்தபோது அக்காவின் வயிறு கூவிவிட்டது. அந்த அறையின் மைக்குக்கு எறும்பு தும்மினாலே கேட்கும். வயிறு கூவினால் விடுமா?

"வயிறு," என்றது ஹெட்போன்.

மாமனாரைக் கொஞ்ச நேரம் உயிரோடு விட்டுவிட்டு அக்கா வெளியே வந்தாள். பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டே வீட்டுக்குப் போன் போட்டாள்.

"இன்னிக்கு எத்தன பேரும்மா?" என்றார் வீட்டுக்காரர்.

"மூணு. ஒரு மாமனார் இழுத்துக்கிட்டு இருக்காரு."

"நான் அதுல இல்லியே?"

"இருந்தா போன எடுத்திருப்பீங்களா? குக்கருக்கு கேஸ்கட் வாங்கியாச்சா, அத சொல்லுங்க."

அக்காவின் தொழில் அழுவது. எங்கேயோ தூர தேசத்தில் எடுத்த தொடர்கள் இங்கே மூன்று மொழிகளில் பேச்சு மாற்றப்பட்டு மூன்று சேனல்களில் ஓடும். பழைய பேச்சை அழிக்கும்போது அதோடு ஒட்டிக்கொண்டிருக்கும் விசும்பல், விக்கல், பெருமூச்சு எல்லாம் சேர்ந்து அழிந்துவிடும். பேசுவதற்கு மொழிக்கு ஒருத்தி வருவாள், போவாள். பேச்சுக்கும் பேச்சுக்கும் நடுவில் விழும் பள்ளங்களை நிரப்ப ஓர் ஆள் வேண்டும். அதுதான் அக்கா. ஒரு தடவை அழுதால் போதும், மூன்று மொழிக்கும் அதையே ஒட்டிவிடுவார்கள். இருபத்திரண்டு வருஷமாக இப்படி. அவள் விம்மியதையெல்லாம் வரிசையாகக் கோத்தால் நிலாவுக்குப் போய்விட்டு, வரும் வழியில் ஒரு டீயும் குடித்துவிட்டு வரலாம்.

அழுகைகளுக்கு நம்பர் வைத்திருந்தாள். ஒன்றாம் நம்பர், செய்தி கேட்டதும் கையிலிருப்பது நழுவுகிற அழுகை. இரண்டாம் நம்பர், போட்டோவைத் தடவிக்கொண்டே அழுவது. அதிகம் போணியாவது அதுதான். ஏழு, கல்யாணத்தன்று மாப்பிள்ளை ஓடிப்போனால். பதினொன்று, ஓடிப்போன மாப்பிள்ளை திரும்பி வந்தால். இதற்கு ஏழைவிடச் சத்தம் கூடுதல். தொண்டையில் ஒரு மிடறு தண்ணீரை நிறுத்தி வைத்தால் ஈரமான அழுகை. நெஞ்சில் கையால் லேசாகக் குத்திக்கொண்டால் உடைந்த அழுகை. முத்தக் காட்சி வந்தால் தன் புறங்கைக்கே முத்தம். இதை முதன்முதலாகக் கேள்விப்பட்ட அன்று வீட்டுக்காரர் அந்தப் புறங்கையை ஒரு வாரம் முறைத்துக்கொண்டு திரிந்தார். கண்ணீர் மட்டும் கிடையாது. கண்ணீர் அந்த நடிகையின் வேலை, சத்தம் நம் வேலை, ஒருத்தர் வேலையில் இன்னொருத்தர் ஏன் மூக்கை நுழைக்க வேண்டும் என்பது அக்காவின் கட்சி.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து ஒலிப்பதிவு செய்பவனுக்குப் பெயரே கண்ணாடிதான். பத்தொன்பது வருஷமாக அவனை அவள் அந்தக் கண்ணாடிச் சன்னல் வழியாகவே பார்த்ததால் வந்த பெயர். அவன் முகம் சிமெண்டில் பூசி, காய்ந்த பிறகு மாட்டிய முகம். கொலைக்கும் அதே முகம், குழந்தை பிறந்தாலும் அதே முகம். அவனுடைய கல்யாணப் போட்டோவில்கூட மாலையைப் போட்டுக்கொண்டு மைக் லெவல் பார்க்கிறவனைப் போலத்தான் நிற்பான். பேச்சும் அளந்துதான். "ஓகே." "ஒன்ஸ் மோர்." "மூக்கு" - உறிஞ்சியது அதிகம் என்று அர்த்தம். "வயிறு." இந்த நாலுக்கு மேல் ஐந்தாவதாக ஒன்று சொன்னதாக ஞாபகம் இல்லை. "நல்லா இருந்துச்சுக்கா" என்று ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அவன் வாயிலிருந்து வந்தால் அந்த மைக்குக்கு மாலை போடுவதாக அக்கா சபதம் எடுத்திருந்தாள். மைக் மொட்டையாகவே நின்றது.

அவன் எதையும் அழிக்க மாட்டான். ஒவ்வொன்றுக்கும் எபிசோடு நம்பர், டேக் நம்பர், அவ்வளவுதான். பெயர் வைத்தால் குழப்பம் வரும், நம்பர் பொய் சொல்லாது என்பது அவன் எண்ணம். ஒரு காட்சியின் கடைசி டேக்தான் ஓகே ஆன டேக். சரியாக வந்தபின் இன்னொன்று எடுக்க அவன் என்ன பைத்தியமா? அதனால் கடைசி நம்பரைக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். பத்தொன்பது வருஷமாக இந்தக் கணக்கு தப்பியதேயில்லை.

மாமனாரைக் கரையேற்றிவிட்டு அக்கா வெளியே வரும்போது முதலாளி ஒரு கடிதத்தோடு நின்றார். வாலில் தீப்பிடித்தவர் போல நின்ற இடத்திலேயே நடந்துகொண்டிருந்தார்.

"அக்கா, மோசம் போச்சு. தீவுமொழி சேனல்ல இருந்து வந்திருக்கு. படிக்கிறேன் கேளுங்க."

யாரோ ஒரு நேயர் எழுதியிருந்தார். வேலைவெட்டி இல்லாத, ஆனால் மகா கூர்மையான காது உள்ள மனிதர். 'நம் சேனலில் வரும் தாயும், மலைமொழிச் சேனலில் வரும் மாமியாரும், எல்லைமொழிச் சேனலில் வரும் நர்சும் ஒரே மாதிரி விக்குகிறார்கள். மூன்றாவது விக்கலுக்குப் பிறகு மூக்கை உறிஞ்சுவது உட்பட. எங்கள் தாய்க்குச் சொந்தமாக அழக்கூட நாதியில்லையா? அடுத்த மொழிக்காரர்கள் அழுது கழித்ததைத்தான் நாங்கள் கேட்க வேண்டுமா?'

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. முதலாளிக்கு வரவில்லை. விஷயம் தீவோடு நிற்கவில்லை. தீவுக்குத் தனி அழுகை என்றால் எங்களுக்கு மட்டும் என்ன என்று மலையும் கிளம்பிவிட்டது. எல்லை அதற்கு முன்னாலேயே ஒரு கலாச்சார ஆலோசகரை நியமித்துவிட்டது. எல்லாருக்கும் அவரவர் இனத்து அழுகை வேண்டும். அழுகிற ஆளையும் அவர்களே பிடித்துக் கொடுப்பார்கள்.

"அப்ப நான்?" என்றாள் அக்கா.

முதலாளி கடிதத்தை மடித்தார். மடித்ததை இன்னொரு தடவை மடித்தார். "கெஞ்சிப் பாத்தேன்கா. வெள்ளிக்கிழமை மூணு பேரும் வர்றாங்க. அவங்க ஆளுங்க அழுததும் உங்களோடதும் கலந்து போடுவோம். யாருதுன்னு சொல்லமாட்டோம். உங்க அழுகைய யாராவது ஒருத்தராவது 'இது எங்களுது'ன்னு சொல்லிட்டா தப்பிச்சோம்."

"சொல்லலேன்னா?"

"இருமல், தும்மல், கொட்டாவி எல்லாம் உங்ககிட்டதான் இருக்கும்கா. அதுல கை வைக்க விடமாட்டேன்," என்றார், ராஜ்ஜியம் போனாலும் அரண்மனைத் தோட்டம் உங்களுக்குத்தான் என்பது போல.

அன்று பஸ்ஸில் அக்கா ஒரு கொட்டாவியை விட்டுப் பார்த்தாள். ஐம்பத்தொன்பது வயசுக்கு மேல் கொட்டாவிக்காரியாக வாழ வேண்டுமென்றால் நெஞ்சு பொறுக்குமா?

கடிதத்துக்குப் பின்னாலேயே மூன்று சேனலும் தங்கள் அழுகையின் இலக்கணத்தை அனுப்பியிருந்தன. தீவில் மூச்சை வெளியே விட்டுக்கொண்டே அழுவார்களாம், கடற்காற்றுக்குப் பழகியவர்களாம். மலையில் உள்ளே இழுத்து அழுவார்கள், குளிர். எல்லைக்காரர்கள் விட்டுவிட்டு அழுவார்கள், அதற்குக் காரணமாக ஆலோசகர் நான்கு பக்கம் எழுதியிருந்தார். அக்கா அதைச் சமையல் குறிப்பு மாதிரி அடுப்படிச் சுவரில் ஒட்டி, வியாழக்கிழமை காலையில் பயிற்சியில் இறங்கினாள். வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டே நடுவர் வேலை பார்த்தார்.

"இது எந்த ஊரு?"

"தீவு."

"காத்து பத்தல. பஞ்சரான சைக்கிள் மாதிரி இருக்கு."

அந்த வார்த்தை வேலை செய்தது. அக்கா அடிவயிற்றிலிருந்து ஒன்று எடுத்து விட்டாள். எதிர் வீட்டுப் புறாக்கள் எல்லாம் கிளம்பிப் போய்விட்டன. சில இன்னும் திரும்பவில்லை என்று கேள்வி. அரை நிமிஷத்தில் கதவு இடிபட்டது. திறந்தால், கீழ்வீட்டுப் பெண். குடிவந்து ஐந்து மாதம் ஆகிறது. அவள் பேசுவது இவர்களுக்குப் புரியாது, இவர்கள் பேசுவது அவளுக்குப் புரியாது. படிக்கட்டில் தலையசைப்பதோடு சரி. இப்போது செருப்பில்லாமல், கையில் சொட்டச்சொட்டக் கரண்டியோடு, கண்ணெல்லாம் கலங்கி நின்றாள். அக்காவைப் பார்த்ததும் ஒரே கட்டிப்பிடி. கரண்டி அக்காவின் முதுகில் ஒரு கோலம் போட்டது. அவள் பாஷையில் ஏதேதோ சொல்லிக்கொண்டு அழவே ஆரம்பித்துவிட்டாள். அப்போதுதான் மேசையில் உட்கார்ந்து ரொட்டியைக் கடித்துக்கொண்டிருந்த வீட்டுக்காரர் கண்ணில் பட்டார்.

அழுகை பாதியில் நின்றது. அவரை மேலும் கீழும் பார்த்தாள். அவர், சாகாமல் இருப்பதற்கு மன்னிப்புக் கேட்பவர் போலக் கையைத் தூக்கி வணக்கம் வைத்தார்.

அக்கா ஹெட்போனைப் போல காதில் கையை வைத்து, மைக்கைப் போல முஷ்டியைப் பிடித்து, டிவியைக் காட்டி, விக்கிக் காட்டி, ஒரு மாதிரி விளக்கி முடித்தாள். அந்தப் பெண்ணுக்குப் புரிந்தபோது வந்ததே ஒரு சிரிப்பு! சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். போகிற போக்கில் வீட்டுக்காரர் தோளில் கரண்டியால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் போனாள்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு மூவரும் வந்தார்கள். தீவுக்காரர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். அறைக்குள்ளும் குடையை மடக்கிக் கையில் பிடித்திருந்தார். மலைக்காரம்மா சேனலில் பெரிய அதிகாரி, பார்த்தாலே நாம் எதையோ நிரப்பாமல் விட்டுவிட்டோம் என்று பயம் வரும் முகம். எல்லைக்காரர்தான் கலாச்சார ஆலோசகர். முப்பது வயது, நாற்காலிக்குக்கூட விசிட்டிங் கார்டு கொடுத்துவிடுவார் போல இருந்தார். மூன்று பேரும் மூன்று உச்சரிப்பில் பேசினார்கள், மூன்று பேரும் ஒருவர் மற்றவரின் உச்சரிப்பைக் கேட்டு உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார்கள்.

கண்ணாடியின் மேசைக்குப் பின்னாலிருந்த சோபாவில் அவர்களை உட்காரவைத்தார் முதலாளி. அக்காவுக்கு ஓரத்தில் ஒரு ஸ்டூல். இருபத்திரண்டு வருஷத்தில் அந்தப் பக்கத்து அறைக்குள் அவள் வந்து உட்காருவது அதுதான் முதல் தடவை. இதுவரை அவனை முன்னாலிருந்துதான் பார்த்திருக்கிறாள். பின்னாலிருந்து பார்த்தால் கண்ணாடிக்கு இரண்டு பெரிய காதுகள் இருந்தன, முழம் போட்டு அளக்கலாம்.

"ஆரம்பிக்கலாமா?" என்றார் முதலாளி. "மொத்தம் அஞ்சு. உங்களுது எதுன்னு தோணுதோ சொல்லுங்க."

முதல் அழுகை ஓடியது. மலைக்காரம்மா உடனே கையை ஆட்டினார். "இது தீவுக்காரங்களோடது. எங்க ஆளுங்க இவ்ளோ கூச்சல் போடமாட்டாங்க." அது அந்தம்மாவே பெட்டியில் வைத்துப் பத்திரமாகக் கொண்டுவந்த அழுகை.

இரண்டாவது ஓடியது. "சந்தேகமே இல்ல, மலை," என்றார் தீவுக்காரர். "பாருங்க, கணக்கு போட்டு அழுவுறாங்க."

"கணக்கா? நாங்களா?"

"சும்மா ஒரு பேச்சுக்கு சொன்னேன் மேடம்."

அது தீவிலிருந்து வந்தது. மூன்றாவது எல்லையுடையது, அதை ஆலோசகர் கண்ணை மூடித் தலையை ஆட்டி ரசித்துவிட்டு, "ரொம்ப அன்னியமா இருக்கு," என்று தீர்ப்புச் சொன்னார். மற்ற இருவரும் அதை அவருக்கே தள்ளிவிட்டார்கள், அவர் இவர்களுக்கே திருப்பித் தள்ளினார். அந்த அழுகை கொஞ்ச நேரம் அநாதையாகச் சோபாவில் உட்கார்ந்திருந்தது.

நான்காவது தொடங்கிய முதல் மூச்சிலேயே அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. அவளுடையதுதான். இரண்டாம் நம்பர், போட்டோவைத் தடவுவது. அசல் சரக்கு. மூன்றாவது விக்கலுக்குப் பின் ஓர் உறிஞ்சல், அப்புறம் ஒரு நீண்ட 'ஹ்ம்ம்'. அக்கா ஸ்டூலின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். யாராவது ஒருத்தர், ஒரே ஒருத்தர்.

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வந்ததிலிருந்து எதிலும் ஒத்துப்போகாத மூன்று பேர் இதில் மட்டும் ஒத்துப்போனார்கள்.

"இது யாரோட அழுகையும் இல்லீங்க," என்றார் தீவுக்காரர்.

"இது டிவி அழுகை," என்றார் மலைக்காரம்மா.

ஆலோசகர் அதைக் குறித்துக்கொண்டார்.

டிவி அழுகை. அக்காவுக்கு யாரோ கன்னத்தில் அடித்த மாதிரி இருந்தது. திட்டியிருந்தால்கூடத் திருப்பித் திட்டியிருப்பாள். ஆனால் அந்தம்மா அதைக் கோபமாகச் சொல்லவில்லை, டம்ளரைப் பார்த்து டம்ளர் என்று சொல்வது போலச் சொன்னார். அதுதான் உறைத்தது. இனி ஒன்றுதான் பாக்கி. அது எண்ணூற்றுப் பன்னிரண்டாம் எபிசோடு என்று அக்காவுக்குத் தெரியும்; முதலாளி சொல்லியிருந்தார். மறக்கக்கூடிய எபிசோடா அது? வருஷக்கணக்காகத் தேடி ஒரு தாய் தன் மகளின் வீட்டைக் கண்டுபிடிக்கிறாள். கதவைத் திறந்த மகள், யார் நீங்கள் என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திவிடுகிறாள். தாய் படிக்கட்டில் உட்கார்ந்துவிடுகிறாள். அந்த ஒரு நிமிஷத்துக்குக் கண்ணாடி 'ஒன்ஸ் மோர்', 'ஒன்ஸ் மோர்' என்று அவளை நாற்பது தடவை பிழிந்தெடுத்தான். நாற்பதாவது முடிந்ததும் பதிலுக்குக்கூட நிற்காமல், ஹெட்போனைக் கழற்றி மைக் ஸ்டாண்டில் மாட்டிவிட்டு, நீயும் உன் மைக்கும் என்று கோபமாகச் சாப்பிடப் போனாள். அன்றிலிருந்து ஒரு மாதம் அவனோடு 'டூ'.

ஐந்தாவது ஓடியது.

முதலில் ஒன்றுமே கேட்கவில்லை. பிறகு ஒரு நாற்காலியின் கிரீச். ஓர் இருமல் மாதிரி ஒன்று, ஆனால் இருமல் இல்லை. யாரோ வாயைப் பொத்திக்கொள்கிறார்கள். கைக்கு அடியிலிருந்து, எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல மெல்லிசாக ஒரு சத்தம் கசிகிறது; நிறுத்துகிறார்கள்; நின்றுவிட்டது என்று நம்பிக் கையை எடுத்ததும் மறுபடி புறப்பட்டு வருகிறது. அவ்வளவுதான். இருபது விநாடிகூட இருக்காது.

தீவுக்காரர் குடையைக் கீழே வைத்தார்.

"இது எங்க அம்மா," என்றார்.

"என்னது?" என்று திரும்பினார் மலைக்காரம்மா. "சார், இது எங்க பக்கத்து அழுகை. நூத்துக்கு நூறு. எங்க பெரியம்மா குளியலறையில தண்ணிய திறந்து விட்டுட்டு இப்படித்தான் அழுவாங்க."

"மன்னிக்கணும்," என்றார் ஆலோசகர். அவர் குரல் ஒரு படி இறங்கியிருந்தது. "விட்டுவிட்டு வருது பாருங்க. நாலு பக்கம் எழுதியிருந்தேனே, அது இதான். இது எங்களோடது."

முதலாளி துள்ளிவிட்டார். "பாத்தீங்களா! இது நம்ம அக்கா! அக்காவோட அழுகை! மூணு பேரும் ஒரே ஆளோடத..."

எல்லாரும் அக்காவைப் பார்த்தார்கள். அக்கா ஸ்பீக்கரைப் பார்த்தாள். அவளுடைய அழுகைகளை அவளுக்குத் தெரியாதா? ஒவ்வொன்றையும் பெற்று, நம்பர் வைத்து வளர்த்தவள். இது அவள் வயிற்றில் பிறந்தது இல்லை. நாற்பதில் ஒன்றுகூட இப்படி இல்லை. அப்படியென்றால் யார்? அந்த அறையில் அவளுக்குத் தெரியாமல் இன்னொருத்தி வந்து அழுதுவிட்டுப் போனாளா?

அப்போதுதான் அந்தக் காதுகளைப் பார்த்தாள். கண்ணாடி திரும்பவேயில்லை. முதுகு நேராக, சிமெண்டாகத்தான் இருந்தது. ஆனால் இரண்டு காதும் சிவந்து, பழுத்து, தொட்டால் சுடும் போல இருந்தன.

"அருமை," என்றார் மலைக்காரம்மா. "ஆனா ரெக்கார்டிங்க நம்பி நான் கையெழுத்து போட முடியாது. அம்மா, நீங்க உள்ள போய் அதே மாதிரி இப்ப அழுது காமிங்க. அப்புறம் பேசலாம்."

அக்கா எழுந்தாள். அது நான் இல்லை என்று சொன்னால் கொட்டாவி. நான்தான் என்று சொன்னால் அழுது காட்ட வேண்டும். அதற்கெல்லாம் மேல், 'இல்லை' என்று சொன்னால் அடுத்த கேள்வி, 'பின்னே யார்?' நேரே உள்ளே போய் மைக் முன்னால் நின்றாள்.

மைக்கின் உயரத்தைச் சரிசெய்ய வழக்கமாக வேறொருவர் வருவார். இன்று கண்ணாடியே வந்தான். திருகாணியைக் கழற்றினான், மறுபடி அதே உயரத்தில் வைத்துத் திருகினான்.

"அக்கா," என்றான்.

அக்கா சட்டென்று மைக்கை இரண்டு உள்ளங்கையாலும் பொத்தினாள். "சொல்லு தம்பி."

"அது நான்."

"தெரியும். காது சொல்லிடுச்சு."

அவன் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். "நீங்க சாப்பிட போனப்புறம்... நாப்பத்தொண்ணுக்கு ரெக்கார்டிங் போட்டு வெச்சிருந்தேன், அது ஓடிக்கிட்டே இருந்திருக்கு. ஹெட்போனுக்கு பேசுற பட்டன அமுக்குனவன் வெரல எடுக்கல. உங்க ஹெட்போன் மைக் மேலயே தொங்கிச்சு. அது வழியா விழுந்திருக்கு. நேத்து கடைசி நம்பர எடுத்தேன். போட்டு கேக்கல."

"ஏன் கேக்கல?"

"எண்ணூத்தி பன்னெண்டுக்கா," என்றான், அதற்கு மேல் என்ன விளக்கம் வேண்டும் என்பது போல.

"அப்ப நாப்பது தடவ ஒன்ஸ் மோர் சொன்னியே பாவி, அது?"

"நீங்க அழுதா எனக்கு கண்ணு தெரியலக்கா. லெவல் முள்ளு தெரியல. சரியா வந்துச்சா இல்லியான்னே தெரியல. இன்னொரு தடவ, இன்னொரு தடவன்னு..." தரையைப் பார்த்தான். "எதுக்குன்னு மட்டும் கேக்காதீங்க."

"கேக்கல."

"வெளிய போய் சொல்லிடட்டுமா?"

அக்கா யோசித்தாள். பத்தொன்பது வருஷத்து சிமெண்ட். அந்த மூன்று பேருக்கும் முன்னால் உடைந்தால் என்ன ஆகும்? அவனைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, அடக்க முடியாத சிரிப்பாகவும் இருந்தது. நாற்பது தடவையும் நன்றாகத்தான் அழுதிருக்கிறாள்! ஒரு மாதம் 'டூ' விட்டது வீண்!

"நீ போயி அந்தப் படத்த போடு," என்றாள். "நான் பாத்துக்கறேன்."

என்னத்தைப் பார்த்துக்கொள்வது? ஹெட்போனை மாட்டிக்கொண்டு நின்றபோது ஒரு நம்பரும் நெஞ்சில் இல்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர்கள் சோபாவை விட்டு எழுந்து வந்து, அவன் நாற்காலிக்குப் பின்னால் நின்று அவனுடைய திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பதிவு விளக்கு எரிந்தது. திரையில் கதவு திறந்தது. யார் நீங்கள்? கதவு சாத்திக்கொண்டது. தாய் படிக்கட்டில் உட்கார்ந்தாள்.

அக்கா வாயைத் திறந்தாள். அப்போதுதான் அந்தத் தாயின் முதுகைக் கவனித்தாள். முதுகுக்குப் பின்னால் கதவு. கதவுக்குப் பின்னால் மகள். நாற்பது தடவையும் இந்தக் கதவு அங்கேதான் இருந்தது. இவள் பாட்டுக்கு ஊருக்கே கேட்கிற மாதிரி அழுது தள்ளினாளே, இந்தப் பெண் அப்படியா அழுவாள்? உள்ளே மகள் காதில் விழுந்துவிடக் கூடாதே! மனிதர்கள் அழுவது கேட்பதற்காகவா? பெரும்பாலும் கேட்டுவிடக் கூடாது என்றுதானே அழுகிறார்கள். பாத்ரூமில் குழாயைத் திறந்துவிடுகிறார்கள். கண்ணில் தூசி என்கிறார்கள். எல்லாரும் சாப்பிடப் போகட்டும் என்று காத்திருக்கிறார்கள். இருபத்திரண்டு வருஷமாகச் சத்தமே பிழைப்பாக இருந்தவளுக்கு இது தோன்றவில்லை. சொல்லிக்கொடுக்கக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒருத்தன் பழுத்த காதோடு உட்கார்ந்திருந்தான், அவனுக்கே தெரியாமல்.

அக்கா வாயை மூடிக்கொண்டாள். அழாமல் இருக்கப் பார்த்தாள். உதட்டைக் கடித்து, மூச்சைப் பிடித்து, உண்மையாகவே முயற்சி செய்தாள். மூக்கின் வழியே ஒன்று தப்பி வெளியே வந்தது. அதைப் பிடித்து உள்ளே தள்ளினாள். இன்னொன்று தப்பியது. அதற்கு எந்த நம்பரும் இல்லை. தீவா, மலையா என்று கேட்டால் அவளுக்கே தெரியாது.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. நிமிர்ந்து பார்த்தபோது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு வேடிக்கை நடந்துகொண்டிருந்தது. துளிச் சத்தம்கூட இந்தப் பக்கம் வராது. வாய் மட்டும்தான் அசையும். ஐந்து பேரின் தோள்களும் குலுங்கிக்கொண்டிருந்தன. மலைக்காரம்மா கூரையைப் பார்த்துக் கண்ணைக் கொட்டிக்கொட்டி அதை உள்ளுக்கே திருப்பி அனுப்பப் பார்த்தார். தீவுக்காரர் ஒளிந்துகொள்ளக் குடையை விரித்துவிடுவார் போல இருந்தது. முதலாளி சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து ஒரு தடவை மூக்கைத் துடைப்பதற்குள் ஆலோசகர் அதைப் பிடுங்கினார். அவரிடமிருந்து அது மலைக்குப் போய், மலையிலிருந்து தீவுக்குப் போய், கடைசியில் முன்னால் உட்கார்ந்திருந்தவன் தோள்மேல் வந்து விழுந்தது. கண்ணாடி அதை எடுத்து முகம் முழுவதையும் மூடிக்கொண்டான். யாரும் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவரவர் முகத்தை ஒளிக்கவே அவரவருக்கு நேரம் போதவில்லை.

பிறகு மறுபடி வாய்கள் அசையத் தொடங்கின. தீவுக்காரர் தன் நெஞ்சைத் தட்டினார். மலைக்காரம்மா இல்லவே இல்லை என்று விரலை ஆட்டிவிட்டுத் தன் நெஞ்சைத் தட்டினார். ஈரக் கன்னத்தோடு ஒருவரையொருவர் அடித்துக்கொள்ளாத குறையாகச் சண்டை போட்டார்கள். ஆனால் சண்டை போட்டுக்கொண்டே, கை போன போக்கில் ஆளுக்கொரு நாற்காலியை இழுத்துத் திரைக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்துகொண்டார்கள்.

ஹெட்போனில் ஒரு கரகரப்பு. யாரோ அந்தப் பக்கத்துப் பட்டனைத் தேடி அமுக்கியிருந்தார்கள்.

"அம்மா," என்றது ஆலோசகரின் குரல், மூக்கடைத்து. "அந்தப் பொண்ணு அப்புறமாவது கதவ தெறக்குமா?"

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்க, சொல்லிடாதீங்கம்மா," என்று அதற்குமேல் மலைக்காரம்மாவின் குரல். "போடுங்க, பாப்போம்."

படத்தை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை. அது சுற்றிக்கொண்டு மறுபடி முதலிலிருந்து வந்தது. திரையில் அந்த வீடு, மூன்று படிகள், பச்சை பூசிய கதவு. தாய் தலைமுடியைச் சரிசெய்துகொண்டு, கையை உயர்த்தி, தட்டுவதற்கு முன் ஒரு நொடி நின்றாள். அக்காவும் அவளோடு சேர்ந்து மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு நின்றாள்.